சம்மதத் துப்பாக்கிகளுக்கு ஒரு நாள் லீவு

உலகத்திலேயே மரியாதை தெரிந்த துப்பாக்கி அமெரிக்காவில்தான் இருக்கிறது. சுடுவதற்கு முன்னால் "சுடலாமா?" என்று கேட்கும். யாரிடம் கேட்கும் என்கிறீர்களா? சென்னைப் பெருங்குடியில், மூன்றாவது மாடியில், டீ ஆறிப்போக உட்கார்ந்திருக்கும் எங்களிடம்தான்.

சிரிக்காதீர்கள். சட்டமே அப்படி. அந்த ஊரில் வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் பட்டாளத்துக்குச் செய்த துப்பாக்கியைக் கடையில் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள்ளோ மாலுக்குள்ளோ புகுந்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுட்டுத் தள்ளுவான். மறுநாள் மெழுகுவர்த்தி, பூங்கொத்து, பிரார்த்தனை. இந்த ரகத்தையாவது விற்காதீங்கப்பா என்று பெற்றவர்கள் தெருவில் நின்று கத்திப் பார்த்தார்கள். தடை என்ற வார்த்தையைக் கேட்டாலே அங்கே பாதிப் பேருக்குச் சாமி வந்துவிடும். சாக்லேட் முட்டைக்குள் பொம்மை வைத்தால் குழந்தை தொண்டையில் சிக்கும் என்று அதைத் தடை பண்ணிய மகராசன்கள்தான், ஆனால் துப்பாக்கி என்றால் உரிமை. கடைசியில் இரண்டு கட்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தன. துப்பாக்கி இருக்கலாம், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மனுஷன் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த மனுஷன் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதால் வேலை சென்னைக்கு வந்தது.

நான் சதாசிவம். அந்த ஆபீஸில் ஷிப்ட் சூப்பர்வைசர். ராஜபாளையத்தில் என் மாமனார் என்னைப் பற்றி "மாப்பிள்ளை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் மறுப்பதில்லை.

என் அக்கா சுகந்திக்கு மட்டும் அந்த டூப் செல்லாது. அவள் இருப்பதே அமெரிக்காவில், ஒஹாயோவில். ஒரே மகள் நிரஞ்சனா, பத்து வயசு. வேலையில் சேர்ந்த புதிதில் அக்கா போன் பண்ணிப் போலீஸ் மாதிரி விசாரித்தாள்.

"டேய் சதா, நெஜமாவே நீங்க சரின்னு சொன்னாத்தான் சுடுமா?"

"ஆமாக்கா. துப்பாக்கில ஒரு கேமரா இருக்கு. எதைக் குறி பார்க்கறானோ அந்தப் படம் எங்க திரைக்கு வரும். ஒன்றரை செகண்டுல பதில் சொல்லணும்."

"ஒன்றரை செகண்டுல என்னடா தெரியும்?"

"மான்னா மான் தெரியும். தகர டப்பான்னா டப்பா தெரியும்."

"மனுஷன்னா?"

"மங்கலாத் தெரியும். மூஞ்சியைக் காட்டக்கூடாதாம், தனியுரிமைச் சட்டம். சாகப்போறவனுக்கும் ஒரு மானம் மரியாதை வேணாமா?"

அக்கா, "என் புள்ளைய எவனாவது குறி பார்த்தா நீ வேணாம்னு சொல்லிடுவேல்ல?" என்றாள்.

"சொல்லிடுவேன்க்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்றிலிருந்து தினமும் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டதும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புவாள். "நிருவை விட்டுட்டேன். நீதானே டியூட்டி?" அங்கே காலை மணி அடிக்கிற நேரம் இங்கே விளக்கு வைக்கிற நேரம். நானும் "ஆமாக்கா" என்று போடுவேன். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில் எந்தத் துப்பாக்கியின் கேள்வி யார் திரைக்கு வரும் என்று எனக்கு மட்டும் ஜோசியமா தெரியும்? ஆனாலும் அந்த ஒரு "ஆமாக்கா"வில்தான் அவள் வேலைக்குப் போய்வந்தாள், சமைத்தாள், தூங்கினாள்.

அவளிடம் சொல்லாத இன்னொரு விஷயம் உண்டு. சரி என்று சொல்ல ஒரு பச்சைப் பொத்தானைத் தட்டினால் போதும். வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டும், என்னிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், வாடிக்கையாளர் மனம் புண்பட்டுப் புகார் கொடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். தப்பாகச் சரி சொன்னால்? ஒன்றும் ஆகாது. சுட்டவன் பொறுப்பு. இப்படி வைத்தால் எந்தப் பிள்ளை சிவப்பைத் தட்டும்? நாற்பது பேரும் பச்சையில் விரலை ஊன்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

கோமதியும் அப்படித்தான் ஒரு நாள் பச்சையைத் தட்டினாள். செங்கம் பக்கத்துப் பெண், கணக்கில் பட்டம், வாய் கொஞ்சம் நீளம். படத்தில் ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது மங்கலாகத் தெரிந்ததாம். ஏதோ ஷெல்ஃபிலிருந்து சாமான் எடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைப்பதற்குள் நேரம் முடியப்போனது, தட்டிவிட்டாள். அது ஒரு சூப்பர் மார்க்கெட், சுடாதே என்று தூக்கிய கை. அடுத்தடுத்த குண்டுக்குப் பக்கத்து சீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சம்மதம் கொடுத்தார்கள். பதினோரு பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

விசாரணை நடந்தது. கோமதி குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியிருந்ததால் அவளுக்கு முழு மதிப்பெண். அந்த மாசத்தின் சிறந்த ஊழியர் என்று போட்டோவை லிஃப்ட் பக்கத்தில் மாட்டி, ஒரு ஹாட்பேக் செட்டும் கொடுத்தார்கள். அவள் அதைத் தொடவே இல்லை. அதற்கப்புறம் அவள் ஷிப்டில் யாரோடும் பேசிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை ஒரு ஏமாற்று வேலை. பூஜையில் வைத்த தொழில் சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது, இல்லையா? எங்கள் தொழிலோ ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது. அதனால் வருஷா வருஷம் உடைந்த கீபோர்டு ஒன்று, வாலறுந்த மவுஸ் ஒன்று, இங்க் தீர்ந்த பிரிண்டர் ஒன்று, இவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுத்துவிட்டு, வேலையைப் பார்ப்போம்.

அந்த வருஷம் எங்கள் மேனேஜர் திருமலை சார் குறுக்கே விழுந்தார். பக்திமான். மகளுக்கு வேறு அப்போது நிறைமாசம்.

"உடைஞ்ச கீபோர்டை வெச்சு சாமியை ஏமாத்தறீங்க, வெட்கமா இல்ல? நம்ம நிஜமான ஆயுதம் சர்வர்தான்யா! அதுக்குப் பொட்டு வைங்க!" என்றார்.

"சார், உள்ளே சாம்பிராணி கொண்டுபோகக் கூடாது. புகை பட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"சாமி காரியத்துல அபசகுனமாப் பேசாதீங்க சதாசிவம்."

திருமலை சாரே தேங்காய் உடைத்தார். கற்பூரம் காட்டினார். சர்வர் அலமாரி ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், மேலே சாமந்திச் சரம். பிறகு தூபக்காலில் கை நிறைய சாம்பிராணியை அள்ளிப் போட்டு மூலை மூலையாகக் காட்டினார். மூன்றாவது மூலையில் கூரையிலிருந்த கருவி விழித்துக்கொண்டது. தீப்பிடித்துவிட்டது என்று தானே முடிவு கட்டி, மின்சாரத்தை அறுத்து, உஸ்ஸென்று வாயுவைப் பீய்ச்சியது. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தோம். ஹாலில் நாற்பது திரையும் கருப்பு.

சட்டப்படி, பதில் வராவிட்டால் துப்பாக்கி சுடாது. சென்னை ஒரு நாள் பேசாமல் இருக்கும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள். ஆக அந்த நிமிஷத்திலிருந்து அமெரிக்கா முழுக்க, அந்த ரகத் துப்பாக்கி அத்தனையும் வெறும் இரும்பு.

அடுத்த நிமிஷம் போன். அந்தப் பக்கம் கம்பெனியின் பெரிய அதிகாரி கரோல் அம்மாள். ஸ்பீக்கரில் போட்டார் திருமலை சார். பத்து லட்சம் வாடிக்கையாளர்கள் பாதுகாப்பில்லாமல் தவிக்கிறார்கள், உடனே சரிசெய்யாவிட்டால் காண்ட்ராக்ட் போச்சு என்று அந்தம்மாள் அழாத குறை. வாயு இறங்கிவிட்டது, கரண்டும் வந்துவிட்டது. மேனேஜரும் சூப்பர்வைசரும் சேர்ந்து விரல் ரேகை வைத்தால் கால் மணியில் எல்லாம் உயிர் பெற்றுவிடும். இன்னொரு சூப்பர்வைசர் பூஜைக்குத் தென்காசி போயிருந்தார், காலைப் பஸ்ஸில்தான் வருவார். ஆக, என் விரல்.

நாங்கள் இருவரும் கிளம்பினோம். சர்வர் அறை வாசலில் கோமதி நின்றாள்.

"சார், பூஜைல வெச்சதை எடுக்கக்கூடாது சார்."

"என்னம்மா?"

"பொட்டு வெச்சு, பூப் போட்டு, தேங்காய் உடைச்சு, கற்பூரம் காட்டிட்டீங்க. உடைஞ்ச கீபோர்டுன்னா பரவால்ல. நிஜ ஆயுதத்தையே வெச்சுட்டீங்களே சார். நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்."

திருமலை சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இது அவசரம்மா. சாமிக்குத் தெரியும்."

"தெரியும் சார். அதான் அணைச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுல பொண்ணு நிறைமாசமா இருக்கற நேரம். எனக்கென்ன சார், நீங்க பாத்துக்குங்க" என்றாள்.

அடிப்பாவி, என்று மனசுக்குள் கத்தினேன். அந்த மனுஷன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். ஹாலில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். "ஆமா சார், தொடக்கூடாது சார்" என்றான் ஒருத்தன். "எங்க அப்பா லேத்துப் பட்டறையில ஒரு தடவை எடுத்து, கட்டை விரல் போச்சு சார்" என்றான் இன்னொருத்தன். அவன் அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர், எனக்கே தெரியும்.

ஸ்பீக்கரில் கரோல் அம்மாள் "ஹலோ, ஹலோ" என்று கொண்டிருந்தார். அவருக்கு இதை எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் கருவிகளுக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றா? அவர் ஊரில் அதற்குத்தானே பெற்றவர்கள் இத்தனை காலம் அழுதார்கள்.

திருமலை சார் சும்மா மேனேஜர் ஆகவில்லை. யோசித்தார், முகம் தெளிந்தது. "மறுபூஜையை இப்பவே போட்டுடுவோம்! சாயங்காலம் வெச்சு சாயங்காலமே எடுத்தா தப்பில்லை. கொண்டாங்கய்யா கற்பூரத்தை!"

சாமியையே பேசி மடக்கத் தெரிந்தவரிடம் கோமதி என்ன செய்வாள்? அவசர அவசரமாகத் தட்டில் கற்பூரம் ஏற்றி வாசலிலேயே சுற்றினார். பூச்சரங்களைப் பிடுங்கினார். "வாங்க சதாசிவம், விரலை வைங்க."

அப்போது என் சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். "நிருவை விட்டுட்டேன். நீதானே டியூட்டி?"

நான் தியாகி இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, மாமனார் வேறு ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் அந்த மெசேஜுக்கு முதல் தடவையாக உண்மையாகவே பதில் போட முடியும் என்று தோன்றியது. கற்பூரத்தை ஒற்றிக்கொள்வது போலக் கையை நீட்டி, ஆபீஸில் ரேகை பதிந்திருந்த வலது ஆள்காட்டி விரலைச் சுடரிலேயே வைத்தேன். ஐயோ, என்ன எரிச்சல்! அம்மா என்று அலறியதில் கரோல் அம்மாளே பயந்துபோனார்.

"சார், விரல் வெந்துபோச்சு. ரேகை எடுக்காது."

திருமலை சார் என்னைப் பார்த்தார். கோமதியும் பார்த்தாள். பிறகு அவள் போய் ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து வந்து என் விரலை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா, சொல்லத் தெரியவில்லை. தென்காசிப் பஸ் வரும்வரை அமெரிக்கா காத்திருந்தது.

அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். அங்கே காலை ஒன்பது மணி வாக்கில், ஒஹாயோவில், அக்கா ஊரில், அக்கா மகள் படிக்கிற அதே பள்ளிக்கூடத்துக்குள் இருபத்திரண்டு வயசு ஒருத்தன் அந்தத் துப்பாக்கியோடு நுழைந்தான். காரிடாரில் பாட்டு வகுப்புக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்து விசையை அழுத்தினான். துப்பாக்கி, "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது. திரும்ப அழுத்தினான். காத்திருக்கவும். அவன் அதைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேன்டீன் சமையல்கார அம்மாள் பின்னால் வந்து இரும்புத் தட்டால் மண்டையில் ஒன்று போட்டாள். முடிந்தது கதை. வரிசையில் நான்காவதாக நின்றவள் நிரஞ்சனா.

அக்கா போன் பண்ணினாள். அழுதாள். அழட்டும் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், அதற்கு மேல் இந்த உலகத்தில் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்று முழுக்க அந்த நாட்டில் அந்த ரகத் துப்பாக்கியால் ஒருத்தர்கூடச் சாகவில்லை. இப்படி ஒரு அதிசயம் நடந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? நாளைக்கும் அணைத்து வை என்போம். படிக்காத ஜனங்கள் நாம். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கம்பெனி தலைவர் டிவியில் வந்து, வாடிக்கையாளர்கள் பட்ட சிரமத்துக்குத் தலை குனிவதாகச் சொல்லி, ஆளுக்கு ஒரு பெட்டி குண்டு இலவசம் என்று அறிவித்தார். யாரும் சாகாததற்கு என்ன காரணம் என்று ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். அன்றைக்கு வானிலை இதமாக இருந்தது என்று கமிட்டி கண்டுபிடித்தது.

கோமதியை வேலையை விட்டு அனுப்பினார்கள். மத நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தினாளாம். என் விரல் விபத்து என்று பதிவானது. திருமலை சாருக்குப் பேரன் பிறந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அத்தான் வந்தார். என் அக்கா வீட்டுக்காரர் குமரகுரு, சாஃப்ட்வேர் ஆசாமி, நல்ல மனுஷர், சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்.

"சதா, கம்பெனி மேல பத்தாயிரம் பேர் சேர்ந்து கேஸ் போட்டிருக்கோம். தெரியுமா?"

"எதுக்கு அத்தான்? குழந்தைங்களைக் காப்பாத்துனதுக்கா?"

"விளையாடாதேப்பா. அன்னிக்கு என் துப்பாக்கியும்தானே வேலை செய்யலை?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "உங்க துப்பாக்கியா? நீங்க எப்ப வாங்கினீங்க?"

"போன வருஷமே வாங்கிட்டேன். நிரு பாதுகாப்புக்குத்தான். யோசிச்சுப் பாரு, அந்தப் பய ஸ்கூலுக்குப் போகாம நம்ம வீட்டுக்கு வந்திருந்தா? நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"அவன் துப்பாக்கியும் சுட்டிருக்காதே அத்தான்."

"அது எப்படி நம்பறது?" என்றார். அவருக்குப் பின்னால் அக்கா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திரும்பவே இல்லை.

கேஸ் ஜெயித்தது. மண்டையில் தட்டு வாங்கியவனும் ஜெயிலிலிருந்தபடியே சேவைக் குறைபாட்டுக்குப் புகார் கொடுத்து, இலவசப் பெட்டிக்குத் தகுதி பெற்றான். ஜெயிலில் தர முடியாதாம், வெளியே வந்ததும் வாங்கிக்கொள்ளலாமாம். கோர்ட் தீர்ப்பு இதுதான்: இனி சென்னையிலிருந்து பதில் வராவிட்டால், துப்பாக்கி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மௌனத்துக்கு அவர்கள் நாட்டிலும் அந்த அர்த்தம்தான் போலிருக்கிறது.

அந்த மாற்றத்தைத் துப்பாக்கிகளுக்கு அனுப்பும் வேலையும் எங்களுக்கே வந்தது. திருமலை சார் விரலை வைத்தார். எனக்கு விரல் ஆறியிருந்தது. கற்பூரம் எதுவும் பக்கத்தில் இல்லை. நான் வைக்காவிட்டால் தென்காசிக்காரர் வைப்பார் என்று சொல்லிக்கொண்டு நானும் வைத்தேன். அக்காவின் மெசேஜுக்கு அன்றைக்கு நான் பதில் போடவில்லை.

மறுநாள் மெசேஜ் வரவில்லை. போன் வந்தது. நிரஞ்சனா.

"மாமா, உங்க ஆபீஸ் மறுபடி எப்ப ரிப்பேர் ஆகும்?"

"ஏன்டா செல்லம்?"

"காலைல காலைல வயிறு வலிக்குது. அம்மா டாக்டர்கிட்ட போலாம்ங்கறா. எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. அது ரிப்பேர் ஆகற அன்னிக்கு மட்டும் நான் ஸ்கூலுக்குப் போறேன். தேதி மட்டும் சொல்றீங்களா?"

இனிமேல் அது ரிப்பேர் ஆனால், அன்றைக்குத்தான் அவள் பள்ளிக்கூடம் பக்கமே போகக்கூடாது. அதைப் பத்து வயசுப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

"சொல்றேன்டா" என்றேன்.

"மறக்காதீங்க மாமா."

அவள் பக்கத்தில் அத்தானின் குரல் கேட்டது. "போனை வைம்மா. ஸ்கூலுக்கு நேரமாச்சு."